உத்தரவாதம் எவ்வளவு? ஓவர் தி கேப் தளத்தில் நான் முதலில் பார்க்கும் கட்டம்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், ஓவர் தி கேப் தளத்தை உங்கள் உலாவியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் வீரர்கள் ஒவ்வொருவரின் ஒப்பந்தத்தையும் ஆண்டுவாரியாகப் பிரித்துப் போடும் தளம் அது. ஜேசன் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவர் ஆரம்பித்து நடத்துகிறார். அட்டவணைகளைப் பார்க்கக் காசு கிடையாது. நான் பிட்ஸ்பர்க்கில் ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுகிற வேலையில் இருக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை அடிப்படைச் சம்பளம், போனஸ், பிடித்தம் என்றே பொழுது போகும். வீட்டுக்கு வந்த பிறகும் அதே மாதிரி அட்டவணையை ஆசையோடு திறக்க வைக்கிறது என்றால் அந்தத் தளத்தில் விஷயம் இருக்கிறது.

ஒரு வீரர் "நல்ல ஒப்பந்தம் தந்தால்தான் வருவேன்" என்று பயிற்சிக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், தொலைக்காட்சியும் செய்தியும் ஒரே ஒரு மொத்தத் தொகையைத்தான் சொல்லும். அந்தத் தொகையை வைத்து அவர் பேராசைக்காரரா இல்லையா என்று ஊரே தீர்ப்பு எழுதிவிடும். இந்தத் தளம் அந்தத் தொகையைப் பிரித்துக் காட்டுகிறது. அதில் எவ்வளவு நிச்சயம் கைக்கு வரும், எவ்வளவு அணி நினைத்தால் மட்டும் வரும் என்பது தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். என்னைப் பொறுத்தவரை இந்தத் தளத்தின் மொத்த மதிப்பும் அந்த "உத்தரவாதம்" கட்டத்தில்தான் இருக்கிறது.

2018இல் இந்த ஊரில் வேறு பேச்சே இல்லை. பிட்ஸ்பர்க்கின் ஸ்டீலர்ஸ் அணியில் ஆடும் லீவியான் பெல் வரவில்லை. பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில் உணவுக்கூடத்தில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே ஸ்டீலர்ஸ் தொப்பியோடு உட்கார்ந்திருந்த மாமா பொரிந்து தள்ளினார்.

"பதினாலரை மில்லியன் குடுக்கறான், வேண்டாங்கறானே! அப்படி என்னதான் வேணுமாம் இவனுக்கு?"

"மாமா, அது ஒரே ஒரு வருஷத்துக்கு."

"ஒரு வருஷத்துக்குப் பதினாலரை மில்லியன் போதாதா? நீயும் நானும் ஏழு ஜென்மம் எடுத்தாலும் சம்பாதிக்க முடியுமாம்மா?"

போனை எடுத்து பெல்லின் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் வரிவரியாகத் தள்ளிப் பார்த்தார். "அடுத்த வருஷத்துக் கட்டம் காலியா இருக்கே" என்றார். அதைத்தான் பெல்லும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கணக்கு இதுதான். ஒப்பந்தம் முடிந்த ஒரு வீரரை வெளியே போகவிடாமல், ஓராண்டுச் சம்பளம் நிர்ணயித்துப் பிடித்துவைக்க அணிக்கு உரிமை உண்டு. ஃபிரான்சைஸ் டேக் என்பார்கள். பெல் 2017இல் அப்படி 12.12 மில்லியன் டாலருக்கு ஆடினார். இரண்டாவது முறையும் அதே வீரரைப் பிடித்துவைத்தால் முந்தைய சம்பளத்தில் 120 சதவீதம் தர வேண்டும். 12.12ஐ 1.2ஆல் பெருக்கினால் 14.544 மில்லியன். மாமா சொன்ன பதினாலரை அதுதான். 17 வாரத்துக்கு வகுத்தால் வாரத்துக்கு 8,55,529 டாலர். ஜூலை நடுவில் கெடு தாண்டிவிட்டால், அந்தப் பருவம் முடியும்வரை பல ஆண்டு ஒப்பந்தம் போடவும் வழியில்லை. ஸ்டீலர்ஸ் ஐந்து ஆண்டுக்கு 70 மில்லியன் சொன்னதாகச் செய்திகள் வந்தன. ஆனால் கையெழுத்துப் போடும் அன்றே உறுதியாகும் பங்கு அதில் சின்னது. கெடு முடிந்த எட்டாவது நாள் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி, அதே இடத்தில் ஆடும் டாட் கர்லிக்கு 45 மில்லியன் உத்தரவாதத்தோடு ஒப்பந்தம் கொடுத்தது.

பெல்லுடையது ரன்னிங் பேக் வேலை. பந்தை வாங்கிக்கொண்டு நேராக மனிதச் சுவரில் மோதுகிற வேலை. 2017இல் மட்டும் 321 முறை பந்தோடு ஓடினார், 85 முறை பந்தைப் பிடித்தார். ஆக, 406 முறை. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் யாராவது அவரைத் தரையில் வீழ்த்தியிருப்பார்கள். 2015இல் முழங்காலில் தசைநார் கிழிந்து பாதிப் பருவம் போனது. 2017 டிசம்பரில் சின்சினாட்டியில் அவருடைய அணித்தோழர் ரயன் ஷேஸியர் முதுகெலும்பில் அடிபட்டுத் தரையில் அசையாமல் கிடந்ததை நாங்கள் எல்லோரும் நேரலையில் பார்த்தோம். அவர் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. அதைப் பார்த்த ஒருவர் அடுத்த வருடக் கட்டம் காலியாக இருக்கும் தாளில் கையெழுத்துப் போடத் தயங்கினால், அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதே 2018இல் சியாட்டில் அணியின் தற்காப்பு வீரர் ஏர்ல் தாமஸும் புது ஒப்பந்தம் கேட்டு முகாமுக்கு வராமல் இருந்தார். பருவம் தொடங்கும் நேரத்தில் விட்டுக்கொடுத்து வந்துவிட்டார். செப்டம்பர் 30 அன்று கால் முறிந்தது. வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோகும்போது சொந்த அணியின் பெஞ்சைப் பார்த்தே நடுவிரலைக் காட்டினார். அநாகரிகம்தான். ஆனால் அவர் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு அது என்பதைத் தளத்தில் பார்த்துவிட்டு அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

பெல் கடைசிவரை வரவில்லை. அந்தப் பருவத்தில் ஆட வேண்டுமானால் டேக்கில் கையெழுத்துப் போட வேண்டிய கெடு நவம்பர் 13, மாலை 4 மணியோடு முடிந்தது. அந்த ஆண்டு அவருக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. மறுநாள் உடைமாற்றும் அறையில் அவருடைய அலமாரியைத் தோழர்களே காலி செய்தார்கள். பட் டுப்ரீ ஒரு ஜோடி ஜோர்டான் காலணியை எடுத்துக் கேமராவுக்குக் காட்டிச் சிரித்தார். அந்தப் படத்தை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ரசித்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு அதே வாசலில் நிற்கப்போகிறவர்கள்தானே அவர்களும்? பெல் இடத்தில் ஆடிய ஜேம்ஸ் கானர், புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர், 973 கெஜம் ஓடி அசத்தினார். அவர் வாங்கியது புதியவர்களுக்கான சம்பளம். பெல் மறுத்த ஒரு வாரச் சம்பளத்தோடு கானரின் முழு ஆண்டுச் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், அணிகள் ஏன் ரன்னிங் பேக்குகளிடம் கறாராக இருக்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

இங்கே தளத்தின் இன்னொரு அருமையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சம்பளத்தையும் அந்த ஆண்டு அணிகளுக்கு விதிக்கப்பட்ட சம்பள உச்சவரம்பின் சதவீதமாகவும் காட்டுவார்கள். 2018இல் உச்சவரம்பு 177.2 மில்லியன். பெல்லின் 14.544 அதில் 8.2 சதவீதம். 2025இல் உச்சவரம்பு 279.2 மில்லியனாக ஏறிவிட்டது. அதே 8.2 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 23 மில்லியன். 2025 மார்ச்சில் ரன்னிங் பேக்குகளிலேயே அதிகச் சம்பளத்துக்குக் கையெழுத்திட்ட சேக்வான் பார்க்லிக்கே ஆண்டுக்கு 20.6 மில்லியன்தான். அதாவது ஓராண்டுக் கூலி என்று மட்டும் பார்த்தால் ஸ்டீலர்ஸ் குறைத்துத் தரவில்லை. மாமா பக்கமும் நியாயம் இருந்தது. அடுத்த ஆண்டு என்ன என்பதுதான் பிரச்சினை. மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

2019இல் நியூயார்க் ஜெட்ஸ் பெல்லுக்கு நான்கு ஆண்டு, 52.5 மில்லியன் கொடுத்தது. உத்தரவாதம் 35 மில்லியன் என்று செய்தி. கையெழுத்திடும்போதே முழுதாக உறுதியானது 27 மில்லியன். மிச்சம் நிபந்தனைக்கு உட்பட்டது. இந்த இரண்டு எண்ணையும் பிரித்துக் காட்டுகிற தளங்கள் குறைவு. முழு உத்தரவாதம், அடிபட்டால் மட்டும் உத்தரவாதம், இன்ன தேதியில் அணியில் இருந்தால் உத்தரவாதம் என்று மூன்று வகை உண்டு. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால் கேட்கிறவர் ஏமாந்துபோவார். 2020 அக்டோபரில் ஜெட்ஸ் அவரை விடுவித்துவிட்டது. ஒப்பந்தத்தில் பாதிக் காலம்கூட முடியவில்லை.

அதே ஊர், அதே அணி, வேறு முடிவு வேண்டுமென்றால் டி.ஜே. வாட் பக்கத்துக்குப் போங்கள். எதிரணியில் பந்தை எறிபவரைத் துரத்தி வீழ்த்தும் தற்காப்பு வீரர் அவர். லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட 2020 தொழிலாளர் ஒப்பந்தத்தில் விதி இறுகிவிட்டது. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர் முகாமுக்கு வராவிட்டால் நாளொன்றுக்கு 50,000 டாலர் வரை அபராதம். பெல் புது ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாதவர் என்பதால் அவருக்கு அபராதம் விழவில்லை. வாட் அப்படி இல்லை. அதனால் 2021இல் முகாமுக்கு வந்தார், தனியாகப் பயிற்சி செய்தார், அணியோடு சேர்ந்து ஆடும் பயிற்சியில் மட்டும் கலந்துகொள்ளவில்லை. முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, செப்டம்பர் 9 அன்று, கையெழுத்தானது. நான்கு ஆண்டு, 112 மில்லியன், அதில் 80 மில்லியன் முழு உத்தரவாதம். முதல் ஆண்டுக்கு மேல் உத்தரவாதம் தருவதில்லை என்பது ஸ்டீலர்ஸின் வழக்கம். அதை வாட்டுக்காக மாற்றினார்கள். அந்தப் பருவத்தில் 22.5 சாக் (பந்தை எறியும் முன்பே எறிபவரை வீழ்த்துவது) எடுத்து அப்போதைய சாதனையைச் சமன் செய்தார். 2025இல் மறுபடி கோடைக்காலக் கட்டாயப் பயிற்சிக்கு வராமல் இருந்தார். ஜூலையில் மூன்று ஆண்டு, 123 மில்லியன், 108 மில்லியன் உத்தரவாதம் வாங்கினார். பெல்லின் பக்கத்தையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஆடும் இடம் மாறினால் பேரம் பேசும் பலம் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும்.

வாட் செய்யும் அதே வேலையைச் செய்யும் மைக்கா பார்சன்ஸ் விவகாரத்திலும் எனக்கு இந்தத் தளம்தான் கைகொடுத்தது. டல்லாஸில் பேச்சு முறிந்து, 2025 ஆகஸ்ட் 28 அன்று கிரீன் பேவுக்கு மாற்றப்பட்டார். நான்கு ஆண்டு, 188 மில்லியன், கையெழுத்தின்போதே 120 மில்லியன் உறுதி. டிசம்பரில் டென்வரில் முழங்கால் தசைநார் அறுந்தது. இனி அவருக்கு என்ன ஆகும் என்று அலுவலகத்தில் கேட்டவர்களிடம் நான் அந்த 120ஐக் காட்டினேன்.

இந்தத் தளத்தில் தேடக்கூடாத ஒன்றும் உண்டு. இங்கே இருப்பது கையெழுத்தான ஒப்பந்தம்தான். வீரர் மறுத்த ஒப்பந்தம் எந்த அட்டவணையிலும் ஏறாது. பெல் வேண்டாமென்று சொன்ன அந்த 70 மில்லியனை ஆண்டுவாரியாகப் பிரித்து இங்கே பார்க்க முடியாது. அதற்குச் செய்தியாளர்களைத்தான் நம்ப வேண்டும். அணிக்குள் யார் யாரை அவமதித்தார்கள், எந்த வாக்குறுதி காற்றில் போனது என்பதும் எண்ணில் வராது. சம்பளத் தகராறு பலவற்றில் பாதி அதுதான் என்று என் வேலையிலேயே பார்த்திருக்கிறேன்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கணிப்பான் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு வீரரை விடுவித்தால் அணிக்கு எவ்வளவு மிச்சம், பழைய போனஸில் எவ்வளவு சுமை தலையில் விழும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். சுவாரசியமானது, ஆனால் அதில் ஆரம்பிக்க வேண்டாம். கையெழுத்துப் போனஸை ஐந்து ஆண்டு வரை பிரித்துக் கணக்கில் எழுதுவார்கள் என்பது பிடிபடாமல் அங்கே போனால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு வீரரின் பக்கத்தைத் திறந்து, உத்தரவாதக் கட்டம் எந்த ஆண்டோடு நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அதே இடத்தில் ஆடுகிறவர்களின் பட்டியலுக்குப் போய், அவர் எத்தனையாவது வரியில் இருக்கிறார் என்று பாருங்கள். அட்டவணைகள் அகலமானவை, கணினியில் பார்ப்பது வசதி. முகாம் தொடங்கும் ஜூலைக்கு முன்பே ஒரு சுற்று பார்த்து வைத்தால், அந்த ஆண்டு யார் வராமல் உட்காரப்போகிறார் என்று ஓரளவு நீங்களே சொல்லிவிடலாம்.