வேக்கப் சுழலா, பைப்லைனா? சர்வீஸ் மெஷினைக் காத்திருக்க வைக்க இரண்டு வழிகள்

இசட்/விஎம்மில் (ஐபிஎம் மெயின்ஃபிரேமில் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் இயங்குதளம்) ஆளில்லாமல் ஓடும் சர்வீஸ் மெஷின் ஒன்றுக்கு ரெக்ஸ் மொழியில் நிரல் எழுத உட்கார்ந்தால் முதல் சிக்கலே இதுதான்: குறித்த நேரத்தில் எழுந்து வேலையும் பார்க்க வேண்டும், நடுவில் யாராவது எஸ்எம்எஸ்ஜி (நிரல் படிப்பதற்கென்றே அனுப்பும் செய்தி) அனுப்பினால் உடனே பதிலும் சொல்ல வேண்டும். ப்ராப் என்ற தானியங்கி ஆபரேட்டர் வசதி இருக்கிறதே என்றால், அது செய்தியைப் பார்த்து ஆக்‌ஷன் எடுக்க நல்லது, நேரக் கணக்குக்கு அது ஆள் இல்லை. ஆக மிச்சம் இரண்டு: வேக்கப் கட்டளையைச் சுழலுக்குள் போடுவது, இல்லையென்றால் சிஎம்எஸ் பைப்லைன்ஸ், அதாவது ஸ்டேஜ் என்ற சிறு நிரல்களைக் கோத்து ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்புவது.

வேக்கப் எனக்கு இன்னமும் பிடிக்கும். ஒரே வரியில் கடிகாரம், செய்தி, ரீடருக்கு (மெஷினின் வரவுப் பெட்டி) வரும் ஃபைல், கன்சோலில் தட்டும் கீ எல்லாவற்றுக்கும் காத்திருக்கும். எழுந்ததும் ரிட்டர்ன் கோடைப் பார்த்தால் எது எழுப்பியது என்று தெரிந்துவிடும், செய்தி என்றால் ஸ்டாக்கில் (நிரல் படிக்கக் காத்திருக்கும் வரிகளின் வரிசை) இருக்கும், பார்ஸ் புல் போட்டு எடுத்துக்கொள்ளலாம். ரெக்ஸ் கற்று ஒரு வாரம் ஆனவர்கூட அந்தச் சுழலைப் படித்துப் புரிந்துகொள்வார்.

ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்பூல் இடம் (அச்சு, ரீடர் ஃபைல்கள் தங்கும் டிஸ்க் பகுதி) எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்க 'வேக்கப் +5 (ஐயூசிவிஎம்எஸ்ஜி' என்று எழுதி வைத்தேன், அதாவது ஐந்து நிமிடம் காத்திரு, நடுவில் செய்தி வந்தாலும் எழுந்துவிடு. இரவெல்லாம் ஒழுங்காக ஓடியது. பகலில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு செய்தி வரும், ஒவ்வொரு செய்திக்கும் எழுந்து, பதில் சொல்லி, சுழலின் தலைக்குத் திரும்பி, மறுபடி +5 என்று முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். ஐந்து நிமிடம் முழுதாக முடியவே முடியாது. மெஷின் பரபரப்பாக இருக்கும் நேரத்தில்தான் ஸ்பூல் நிரம்பும், அந்த நேரத்தில்தான் என் சோதனை ஓடவே இல்லை. அடுத்த சோதனை எத்தனை மணிக்கு என்பதை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, எது எழுப்பினாலும் முதலில் அதைப் பார்க்க வேண்டும், வேக்கப்புக்கு மிச்ச நேரத்தை மட்டும் கொடுக்க வேண்டும். நாலு வரி கூடுதல், அவ்வளவுதான், ஆனால் அந்த நாலு வரி இல்லாத எக்ஸெக்குகளை (ரெக்ஸ் நிரல்களை) நிறையப் பார்த்துவிட்டேன்.

பைப்லைனில் இந்தக் குழியே கிடையாது, ஏனென்றால் கடிகாரம் ஒரு ஓடையிலும் செய்தி வேறு ஓடையிலும் வருகின்றன. ஒரு பக்கம், வரும் செய்தி ஒவ்வொன்றையும் ரெக்கார்டாகத் தரும் ஸ்டார்எம்எஸ்ஜி ஸ்டேஜ். இன்னொரு பக்கம் 'லிட்டரல் +30 | டூப் * | டிலே', அதாவது ஒரே ரெக்கார்டுக்கு முடிவில்லாமல் நகல் எடுத்து, ஒவ்வொன்றையும் 30 விநாடி பிடித்து வைத்து விடுவது. இரண்டும் ஃபேன்இன்எனியில் சேர்ந்து ஒரு ரெக்ஸ் ஃபில்டருக்கு (நாம் ரெக்ஸில் எழுதும் ஸ்டேஜ்) போகும். ஸ்டார்எம்எஸ்ஜி தரும் ரெக்கார்டின் முதல் 8 எழுத்தே வகையைச் சொல்லிவிடும், 00000001 என்றால் சாதாரண எம்எஸ்ஜி, 00000004 என்றால் எஸ்எம்எஸ்ஜி. அடுத்த 8 எழுத்து அனுப்பியவரின் யூசர் ஐடி. எத்தனை செய்தி வந்து கொட்டினாலும் கடிகாரம் திரும்ப முதலுக்குப் போகாது. நிறுத்த வேண்டுமா, பிப்மாட் ஸ்டாப் என்ற கட்டளையைக் கொடுத்தால் டிலேயும் ஸ்டார்எம்எஸ்ஜியும் சேர்ந்தே காத்திருப்பை விட்டுவிடும்.

அதற்காக எல்லாமே சுகம் என்று இல்லை. பைப்லைனின் டிஸ்பாட்சர் யாரிடமிருந்தும் சிபியூவைப் பிடுங்காது. ஃபில்டருக்குள் நீளமான ஒரு கட்டளையைக் கூப்பிட்டால் அது முடியும்வரை மற்ற ஸ்டேஜ்கள் எல்லாம் சும்மா நிற்கும், டிலேயின் அடுத்த 30 விநாடியும் அதன் பிறகுதான் தொடங்கும். துல்லியமாக அரை நிமிடம் என்று எதிர்பார்த்தால் மெல்ல மெல்ல விலகிப்போகும். ஸ்டேஜ்களைத் தப்பாக இணைத்தால் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு உறைந்து (ஸ்டால் ஆகி) -4095 என்ற ரிட்டர்ன் கோடு வரும், அதைக் கண்டுபிடிக்கப் புதியவர் திணறுவார். அப்புறம் ஃபில்டர் ஒரு சின்டாக்ஸ் பிழையில் விழுந்தால் செய்தி கேட்கும் காதும் அதோடு போச்சு, அதனால் பைப்லைனை மறுபடி தொடங்கிவிட வெளியே ஒரு சுழல் கட்டாயம் வேண்டும்.

வேக்கப் ஒரு இடத்தில் தெளிவாக ஜெயிக்கிறது. தினசரி வேலைகளை டைம்ஸ் ஃபைலில் எழுதி வைத்தால், ஓடி முடித்த தேதியை அந்த வரியிலேயே குறித்துக்கொள்ளும். மெஷின் நடுவில் விழுந்து எழுந்தாலும் இன்றைக்கு எது முடிந்தது, எது பாக்கி என்பது டிஸ்கில் இருக்கிறது. டிலேக்கு அந்த ஞாபகம் கிடையாது, பைப்லைன் போனால் அதன் நேரக் கணக்கும் போய்விடும்.

சரி, எதை எடுப்பது? செய்தி குறைவு, காலை 6 மணிக்கு ஒன்று, இரவு 10 மணிக்கு ஒன்று என்று வேலை இருந்தால் வேக்கப் போதும், அதற்குப் பைப்லைன் கட்டுவது வீண் உழைப்பு. செய்தி கொட்டுகிறது, கூடவே வேறு வேறு இடைவெளியில் மூன்று நாலு சோதனை ஓட வேண்டும் என்றால் பைப்லைனைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். இரண்டும் வேண்டிய இடத்தில் நான் இரண்டு மெஷின் வைக்கிறேன்: ஒன்று வேக்கப்பில் டைம்ஸ் ஃபைலைப் பார்த்து, நேரம் வந்ததும் மற்றதற்கு எஸ்எம்எஸ்ஜி அனுப்பும்; அந்த மற்றது பைப்லைனில் ஓடும், அதற்கு இதுவும் வந்து சேரும் இன்னொரு செய்திதான்.