கரோட்டிட் சுவர்த் தடிமன் அளக்கும் மென்பொருள்: சில வருடப் பயன்பாட்டில்

கழுத்துத் தமனியின் சுவர்த் தடிமனைத் தானே அளந்து தரும் மென்பொருளைச் சில வருடங்களாக ஸ்கேன் அறையில் பயன்படுத்துகிறேன். அது பெரிய எழுத்தில் காட்டும் சராசரியைவிட, இடத்துக்கு இடம் தடிமன் எப்படி மாறுகிறது என்று கீழே சின்னதாகப் போடும் வரைபடம்தான் எனக்கு உபயோகம்.

அடிப்படை பழசுதான். 1986இல் இத்தாலியின் பிக்னோலி குழு விளக்கிய, அல்ட்ராசவுண்ட் படத்தில் தெரியும் இரட்டைக் கோடு. ரத்தம் உரசும் உட்கோட்டுக்கும், சுவரின் நடு அடுக்கான மீடியா முடியும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியே தடிமன். தமனி இரண்டாகப் பிரியுமிடத்தில் அகலும் பல்புக்குக் கீழே, கழுத்தில் வைக்கும் புரோபுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் 10 மி.மீ. நீளத்தை மென்பொருள் வரிசையாக அளந்துகொண்டே போகும். கையால் நாலு புள்ளி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒருவருக்குச் சராசரி 0.65 மி.மீ. என்று வந்தது. பார்த்தால் நிம்மதிதான். வரைபடத்தில் சுவர் 0.6இலேயே ஓடி, நடுவில் 2 மி.மீ. அளவுக்கு மட்டும் 1.0 வரை எழும்பி இறங்கியது. சுற்றியுள்ள தடிமனில் பாதியோ 0.5 மி.மீட்டரோ உள்நோக்கிப் புடைத்தால், அல்லது மொத்தத் தடிமன் 1.5 மி.மீட்டரைத் தாண்டினால் அதைப் படிவாக (பிளாக்) கொள்ளச் சொல்கிறது மன்ஹைம் கருத்தொருமிப்பு என்ற நிபுணர் குழு ஆவணம். இங்கே புடைப்பு 0.4, அதாவது பாதிக்கும் மேல். சராசரியை மட்டும் எழுதியிருந்தால் அது அறிக்கையில் வந்தே இருக்காது.

குறைகளும் உண்டு. புரோப் கொஞ்சம் சாய்ந்தால் தமனி சரிவாக வெட்டுப்பட்டு, இல்லாத தடிப்பு தெரியும். ஒவ்வொரு மேட்டையும் கோணம் மாற்றி இன்னொரு முறை பார்த்த பிறகே நம்புகிறேன். உட்கோடு மங்கிய இடத்திலும் மென்பொருள் கூசாமல் கோடு போட்டுவிடும், ‘தெரியவில்லை’ என்று சொல்லவே சொல்லாது! கோட்டை மழுப்பும் அமைப்பைக் கூட்டி வைத்தால் சின்ன மேடுகள் காணாமல் போகும். நான் குறைத்தே வைக்கிறேன். அப்புறம், ஈசிஜி இணைப்பு அவசியம். இதயம் சுருங்கும்போது தமனி விரிந்து சுவர் மெலியும், அதனால் இதயம் விரிந்து முடியும் தருணத்துப் படத்தையே எடுக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். சுவர் வருடத்துக்குச் சுமார் 0.01 மி.மீ. அளவில்தான் தடிக்கிறது, அளவீட்டின் தடுமாற்றமே அதைவிடப் பெரிது. 2013 அமெரிக்க வழிகாட்டுதலும் எல்லோருக்கும் வழக்கமாக இதை எடுக்கப் பரிந்துரைக்கவில்லை.

இவ்வளவு செய்கிற மென்பொருளுக்கு அந்த வரைபடத்தை அறிக்கையோடு சேர்த்து அச்சிட மட்டும் தெரியவில்லை. திரையைப் படமெடுத்துத் தனியாக இணைத்துக்கொண்டிருக்கிறேன்.