பெரியப்பாவைத் தேடிய அனுபவம்: 112, சி.எஸ்.ஆர்., கீழ்ப்பாக்கம்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்தால் ஆதார், பேங்க் என்று அலைவது வழக்கம்தான். இந்த முறை அலைந்தது வேறு விஷயத்துக்கு. மறதி நோய் உள்ள பெரியப்பா, சென்னைப் புறநகர் பஸ் ஸ்டாண்டு ஒன்றில், அண்ணன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் காணாமல் போனார்.

அவசர உதவி எண் 112-ஐ அழைத்ததும் எடுத்தார்கள். ரோந்து போலீஸ் வந்தது, மைக்கில் அறிவிப்பும் செய்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. இழுத்தடித்தது ஸ்டேஷனில்தான். "பெரியவர்தானே சார், காலையில பார்ப்போம், அவரே வந்துடுவாரு" என்றார் ரைட்டர். 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. அண்ணன் சத்தம் போட ஆரம்பித்தார். அண்ணிதான் சமாளித்தார்: "சி.எஸ்.ஆர். மட்டும் போட்டுக் கொடுங்க சார், நாங்க தேடப் போறோம்."

சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது. அதுதான் முக்கியம். அதிலுள்ள எண்ணை வைத்து மனுவின் நிலையைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பார்க்கலாம். 'மேன் மிஸ்ஸிங்' என்று எஃப்.ஐ.ஆர். போட்டதும் நகலைக் கேட்டு வாங்குங்கள், காசு கிடையாது. மனுவில் வயது, உயரம், அங்க அடையாளம், கடைசியாக உடுத்தியிருந்த உடை, சாப்பிடும் மாத்திரை எல்லாம் இருக்கட்டும். கல்யாண ஆல்பத்துப் படம் உதவாது. போன மாதம் போனில் எடுத்தது போதும். சிசிடிவி பதிவுகள் கொஞ்ச நாளில் அழிந்துவிடும் என்பதால் அதைப் பார்க்கச் சொல்லி அன்றைக்கே எழுதிக் கொடுத்தோம்.

அப்புறம் நடைதான். ஜி.எச். அவசரப் பிரிவு, சொல்லவே கூசுகிறது, பிணவறை. ரயிலேறியிருக்கலாம் என்று ரயில்வே உதவி எண் 139-க்குப் பேசினோம். முதியோர் உதவி எண் 14567-ம் இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை. சென்னை போலீஸின் 'காவல் கரங்கள்' 2021-இல் தொடங்கியது. தெருவில் ஆதரவின்றித் திரிபவர்களை மீட்டுக் காப்பகத்தில் சேர்க்கிறார்கள், அங்கேயும் விசாரித்தோம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குப் போக மட்டும் அண்ணன் தயங்கினார். "எங்கப்பாவுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டார். தயங்கவே கூடாது. மனநலம் குன்றித் தனியாக அலைபவரைப் பார்த்தால் போலீஸ் பொறுப்பேற்று 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், குடும்பத்தையும் தேட வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். பேரே சொல்லத் தெரியாத ஒருவர் அப்படி எங்கே வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

கடைசியில் பெரியப்பா கிடைத்தது திண்டிவனத்தில். டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருந்தவரைக் கண்டக்டர் இறக்கிவிடாமல் போலீஸிடம் ஒப்படைத்திருக்கிறார். அவர்கள் எங்கள் ஸ்டேஷனுக்குப் பேச, தகவல் வந்தது.

ஆள் கிடைத்ததும் வேலை முடியவில்லை. அவரை ஸ்டேஷனுக்கே அழைத்துப் போய் எழுதிக் கொடுத்தால்தான் வழக்கை முடிப்பார்கள். அதற்கு மட்டும் அந்த ரைட்டர் நாளைக்கு வரச் சொல்லவில்லை.