கிளாம்ப் மீட்டரா, பவர் அனலைசரா?

கபாசிட்டர் பேங்க் (பவர் ஃபேக்டரை உயர்த்தும் கபாசிட்டர் தொகுப்பு) மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று விற்கிறார்கள். அதை இயக்கியதும் கிளாம்ப் மீட்டரில் (கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) ஆம்பியர் இறங்கும். விற்பவர் காட்டுவது இதைத்தான். 400 வோல்ட், 100 கிலோவாட் மும்முனைச் சுமையில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்திறனில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.75-லிருந்து 0.95 ஆனால் 192 ஆம்பியர் 152 ஆகும். ஆனால் உண்மையில் செலவாகும் கிலோவாட் ஏறக்குறைய அப்படியே நிற்கும். கேபிள் இழப்பு 2 சதவீதம் என்றால் சேமிப்பு 1 சதவீதத்துக்கும் கீழே.

கிலோவாட்டையே அளக்கும் மும்முனை பவர் அனலைசரை நம்பலாம், விற்காதவர் கையில் இருந்தால். கபாசிட்டர் இணைப்புக்கு முன்பக்கம் (மின்சாரம் வரும் பக்கம்), மெயின் ஸ்விட்ச்போர்டில் அனலைசரின் சிடி (மின்னோட்டத்தை உணரும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) மாட்டுங்கள். ஒரு சிடி திருப்பி மாட்டப்பட்டாலே கணக்கு கெடும். சுமை மாறாமல், கபாசிட்டரை அரைமணி இயக்கம், அரைமணி நிறுத்தம் எனப் பலமுறை கிலோவாட்மணி பதியுங்கள். 5-ஆம் ஹார்மோனிக்கையும் (அடிப்படை அதிர்வெண்ணின் 5 மடங்கில் கலக்கும் அலை) பாருங்கள்: விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) நிறைந்த, சிங்கப்பூரின் ஜூரோங் ஆலையில் ரெசொனன்ஸ் (அந்த அலை பெருகும் ஒத்ததிர்வு) வந்தால் கபாசிட்டர் சூடேறி உப்பிவிடும்.

சிங்கப்பூரின் உயர் அழுத்த வாடிக்கையாளருக்கு ஆதாயம் பெரும்பாலும் பில்லில்தான்: ரியாக்டிவ் அளவு (வேலை செய்யாமல் வந்துபோகும் மின்சாரம்) கிலோவாட்மணியில் 62 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது பவர் ஃபேக்டர் 0.85-க்குக் கீழே போனால், தனிக் கட்டணம் உண்டு.