மொட்டை மாடியில் டபிள்யூபிசி டெக்கிங்: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மதிப்புரை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியின் பாதிப் பரப்பில் டபிள்யூபிசி டெக்கிங், அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த தரைப்பலகை, போட்டிருக்கிறோம். அதன் மேல் இரண்டாவது கோடையும் அடித்து ஓய்ந்துவிட்டது. இதே வேலையை யோசித்துக்கொண்டிருக்கும் நம் மாவட்டத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பலகை நன்றாக உழைக்கிறது, பொருத்திக் கொடுத்த வேலை அந்த அளவுக்கு இல்லை. கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் நிறத்தையும் மரவரியையும் பார்த்தே நேரத்தைச் செலவிடுகிறார்கள். இந்தத் தரை பத்து ஆண்டு நிற்குமா, இரண்டே ஆண்டில் நெளியுமா என்பதை முடிவு செய்வது அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் இரும்புச் சட்டமும், பலகைகளுக்கு நடுவே விடும் இடைவெளியும்தான்.

கிரானைட் விளையும் ஊரில் இருந்துகொண்டு மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையை ஏன் வாங்க வேண்டும் என்று உறவினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தரைமட்டத்தில் இருக்கும் முற்றத்துக்கோ வாசலுக்கோ என்றால் நானும் கல்லைத்தான் சொல்வேன். விலையும் குறைவு, தலைமுறைக்கும் கிடக்கும். ஆனால் மாடித் தளம் வேறு கணக்கு. இருபது மில்லிமீட்டர் கனமுள்ள கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் வரும், அதற்கடியில் போடும் கலவையின் எடை தனி. உள்ளே வெற்றிடம் விட்டு வார்த்த டெக்கிங் பலகையோ அதே பரப்புக்கு ஏறத்தாழ இருபது கிலோவில் அடங்கிவிடுகிறது. அதைவிட முக்கியமானது, கல்லைப் பதித்துவிட்டால் பிற்காலத்தில் தளம் ஒழுகும்போது உடைத்துத்தான் பார்க்க வேண்டும். டெக்கிங்கைக் கழற்றி, ஒழுகும் இடத்தைச் சரிசெய்து, மறுபடியும் மாட்டிவிடலாம். பழைய வீட்டுக்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது. தேக்கு நல்ல மரம்தான், ஆனால் திறந்த வெயிலிலும் மழையிலும் போட்டால் ஆண்டுதோறும் எண்ணெய் பூசிப் பராமரிக்க வேண்டும், அந்த விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

வாங்கப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் டபிள்யூபிசி என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. சமையலறை அலமாரிக்கும் குளியலறைக் கதவுக்கும் பயன்படுத்தும் பலகை பெரும்பாலும் பிவிசி நுரைப் பலகை. வெளிர் நிறமாகவும் எடை குறைவாகவும் இருக்கும், திறந்த வெளியில் ஆள் நடமாடும் தரைக்கு அது ஆகாது. டெக்கிங் பலகை என்பது மரத்தூளைப் பாலிஎத்திலீனுடன் சேர்த்து உருக்கி, அச்சின் வழியே தள்ளி வார்த்தெடுப்பது. வெட்டிப் பார்த்தால் உள்ளே மரத்தூளின் சிறு துகள்கள் கண்ணுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து வாளித் தண்ணீரில் போடுங்கள். நுரைப் பலகை மிதக்கும், டெக்கிங் பலகை மூழ்கும். ஒரு கடையில் எனக்குக் கொடுத்த துண்டு தண்ணீரில் தக்கையாக மிதந்தது, அந்தக் கடையை அத்துடன் விட்டுவிட்டேன். மூழ்கிய துண்டுகளை ஓர் இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டு, மறுநாள் மாடியில் காயவைத்து, வெட்டு முனை உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். சாவியால் கீறியும், ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு மறுநாள் துடைத்தும் பார்த்தேன். கடைக்காரர் விரித்துக் காட்டும் வண்ணப் புத்தகத்தைவிட இந்தச் சோதனைகள் அதிகம் சொல்லின.

மேலுறை உள்ளது, இல்லாதது என்று டெக்கிங் பலகையிலும் இரண்டு வகை உண்டு. மேலுறை உள்ள பலகையில் மரத்தூள் கலவையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் அடுக்கு ஒன்று வார்ப்பின்போதே ஒட்டிக்கொண்டு வரும். விலை சற்றுக் கூடுதல். உறையில்லாத பலகை முதல் சில மாதங்களிலேயே வெயிலில் கணிசமாக வெளுக்கும், முதல் மழைகளில் பழுப்பு நீர் கசிந்து சுவரில் கறை இறங்குவதும் உண்டு, எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். நாங்கள் உறையுள்ளதையே எடுத்தோம், அதில் எனக்கு நிறைவுதான். நிறம் வெளுத்ததே தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் மூலையையும் நடுப்பகுதியையும் அருகருகே பார்த்தால் வேறுபாடு தெரிகிறது, ஆனால் அழகு கெடவில்லை. உறையுள்ள பலகையின் குறை ஒன்றுதான்: ஆழமாகக் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. இரும்புப் பூந்தொட்டித் தாங்கியை இழுத்த தடம் ஒன்று எங்கள் தரையில் அப்படியே இருக்கிறது.

எனக்குக் கிடைத்த விலைகள், பலகைக்கு மட்டும், சதுர அடிக்கு 280 ரூபாயிலிருந்து 450 ரூபாய் வரை இருந்தன. சட்டம், பலகையைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் கிளிப், கூலி, ஓசூரிலிருந்து வண்டி வாடகை, ஜிஎஸ்டி எல்லாம் தனி. ஆகவே பலகை விலையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுத்தால் மொத்தக் கணக்கு எங்கேயோ போய் நிற்கும். முழு வேலைக்கும் ஒரே தாளில், பொருள் வாரியாகப் பிரித்து எழுதிக் கேளுங்கள். எங்களிடம் மிகக் குறைந்த விலை சொன்னவர் சட்டத்தின் குழாய் கனத்தைத் தாளில் குறிப்பிடவே இல்லை.

இனி அடித்தளத்துக்கு வருகிறேன். டெக்கிங் நீரைத் தடுக்காது. மழை இடைவெளிகளின் வழியே கீழே இறங்கிவிடும். ஆகவே தளத்தின் நீர்க்காப்பு வேலையை முதலில் முடித்து, வடிகுழாய் வாயை அடைத்து, இரண்டு நாளாவது தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் சட்டம் இறக்க வேண்டும். வாட்டம், அதாவது நீர் வடியும் சரிவு, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இருப்பது நல்லது. சட்டத்தின் முதன்மைக் குழாய்கள் வாட்டம் போகும் திசையிலேயே ஓட வேண்டும், பலகைகள் அதற்குக் குறுக்காக வர வேண்டும். குழாய்களைக் குறுக்கே போட்டால் ஒவ்வொன்றும் ஒரு சிறு அணையாகி, நீரையும் சருகையும் தேக்கி வைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கு வந்த குழு பார்வைக்கு அழகாக இருக்கும் என்று பலகைகளை வாட்டத்தின் திசையில் ஓட்டத்தான் முதலில் நூல் பிடித்தது. ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அது ஓடும் வழியைக் காட்டிய பிறகு மாற்றிக்கொண்டார்கள்.

குழாய்களின் இடைவெளி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உள்ளே வெற்றிடமுள்ள பலகைக்கு 300 மில்லிமீட்டர், அதாவது ஓர் அடிக்கு ஒரு குழாய் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. "ஒன்றரை அடி போதுங்க சார், ஆள்தானே நடக்கப் போறாங்க" என்று பொருத்துநர் சொன்னார். குழாய் மிச்சமானால் அவருக்கு லாபம். வெயிலில் இளகும் பலகை இரண்டு குழாய்களுக்கு நடுவே தொய்ந்தால் நட்டம் நமக்கு. 50க்கு 25 மில்லிமீட்டர் ஜிஐ குழாயை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உயரவாக்கில் நிறுத்தி, அடியில் ரப்பர் துண்டுகள் வைத்து, தளத்தில் ஓர் ஓட்டையும் போடாமல், காற்றுக்குத் தூக்காதபடி ஓரங்களை மட்டும் கைப்பிடிச் சுவரில் பிடித்திருக்கிறோம். வெல்டிங் வைத்த இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடுவதால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஒவ்வொரு வெல்டிங்கையும் பிரஷ்ஷால் தேய்த்துத் துத்தநாக பிரைமர் அடிக்கச் சொல்லி, அடித்ததைப் பார்த்த பிறகே பலகை இறக்க அனுமதியுங்கள். கிளிப்பும் ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். ஜிப்சம் கூரைக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ பெட்டியை எங்கள் வேலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள்; அது வெளிப்புறத்தில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். திருப்பி அனுப்பி வேறு வாங்கி வரச் செய்தோம்.

என் மனக்குறை பலகை முனைகளைப் பற்றியது. இந்தப் பலகை மரத்தைப் போல ஈரத்தால் அதிகம் விரிவதில்லை, வெப்பத்தால் நீளவாக்கில் விரியும். 2.9 மீட்டர் நீளமுள்ள பலகை 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் வரை நீளும் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் வேலை மார்கழியில் நடந்தது. காலைக் குளிரில் பலகை சுருங்கியிருக்கும் நேரத்தில், முனையோடு முனை முட்டும்படி ஒரு வரிசையை அடித்துவிட்டார்கள். மற்ற வரிசைகளில் ஐந்து மில்லிமீட்டர் துண்டு வைத்து இடைவெளி விட்டவர்கள், அவசரத்தில் இந்த வரிசையில் அதை மறந்துவிட்டார்கள். பங்குனி பிறந்ததும் அந்த இரண்டு பலகைகளும் ஒன்றையொன்று நெருக்கி, முனைகள் மேலே எழும்பி, ஒரு கிளிப் கழன்று நின்றது. இரவில் வெறுங்காலோடு நடந்தால் விரல் இடிக்கும் உயரம் அது. விற்ற நிறுவனம் பொருத்தியவரைக் கை காட்டியது. பொருத்தியவர் வெயிலைக் கை காட்டினார். அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகுதான் ஆள் வந்து முனையை அறுத்துச் சரிசெய்தார். அரை மணி நேர வேலை. பணம் வாங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே குளிர்காலத்தில் வேலை செய்வதானால் முனை இடைவெளியைச் சற்றுத் தாராளமாகவே விடச் சொல்லுங்கள். சுவரை ஒட்டிய இடத்தில் பத்து மில்லிமீட்டராவது வேண்டும். இரண்டு முனைகள் சந்திக்கும் இடத்தில் ஒரே குழாயைப் பகிராமல், ஒவ்வொரு முனைக்கும் தனிக் குழாயும் தனிக் கிளிப்பும் இருக்க வேண்டும். பலகை நாளடைவில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடாமல் இருக்க, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஸ்க்ரூவால் இறுக்கிவிட்டு, மற்ற இடங்களில் கிளிப்புக்குள் விரிந்து சுருங்க விட வேண்டும்.

வெயிலைப் பற்றி விற்பனையாளர்கள் வாய் திறப்பதில்லை. சித்திரை மாத நண்பகலில் இந்தத் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கிரானைட்டும் சுடும்தான், ஆனால் கரும்பழுப்பு டெக்கிங் குழந்தைகளின் பாதத்துக்கு ஆபத்தான அளவுக்குச் சூடேறுகிறது. ஒரே நேரத்தில் வெயிலில் வைத்த மாதிரித் துண்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கரும்பழுப்பை விட்டு வெளிர் சாம்பல் நிறத்தை எடுத்தோம். அதுவும் சுடுகிறது, கொஞ்சம் குறைவாக. ஓசூர், தளி பக்கத்து ரோஜாப் பண்ணைகளின் புண்ணியத்தில் நிழல் வலை நம் பகுதியில் எளிதாகக் கிடைக்கும். மாசி முதல் வைகாசி வரை அதைக் கட்டிவிடுகிறோம், வலைக்கு அடியில் தரை பொறுக்கும்படி இருக்கிறது. நாள் முழுவதும் நேர் வெயில் விழும், நிழலுக்கு வழியே இல்லாத மாடி என்றால் டெக்கிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாலை ஆறு மணிக்கு மேல் இது வேறு தரை. ஆறிவிடுகிறது, குடும்பமே அங்குதான் உட்காருகிறது.

நம் வீட்டுப் பழக்கங்களுக்கும் இந்தத் தரைக்கும் கொஞ்சம் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் கலந்த பொருள் என்பதால் கார்த்திகை தீபத்துக்கு அகலை நேரடியாக வைக்கக் கூடாது. தட்டின் மேல் வைக்கிறோம். தீபாவளிப் பட்டாசை இதன் மேல் கொளுத்தவே கூடாது, கம்பி மத்தாப்பின் பொறி விழுந்தால்கூட உருகிய புள்ளி நிற்கும். வடாமும் மாங்காய் வற்றலும் காயவைக்க மாடியின் மறுபாதியைப் பழைய தளமாகவே விட்டிருக்கிறோம், அது நல்ல முடிவாக அமைந்தது. சுத்தம் செய்வது எளிது. சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். வேப்பம்பூவும் புங்கன் சருகும் இடைவெளிகளின் வழியே இறங்கி அடியில் சேர்கின்றன. வடிகுழாய் வாய்க்கு மேலே ஒரு சிறு பகுதியை மட்டும் கையால் தூக்கி எடுக்கும்படி தனிச் சட்டமாகச் செய்யச் சொல்லியிருந்தேன். ஐப்பசி மழைக்கு முன் அதைத் திறந்து சருகை அள்ளும்போதெல்லாம் அந்த யோசனையின் அருமை தெரிகிறது. கரையான் இதுவரை எட்டிப் பார்க்கவில்லை.

உத்தரவாதத் தாளைப் பணம் கொடுப்பதற்கு முன்பே வாங்கிப் படியுங்கள். எனக்குத் தந்த தாளில் உளுத்தலுக்கும் கரையானுக்கும் பாதுகாப்பு உண்டு, நிறம் மங்குவதற்கு இல்லை, நிறுவனத்தின் முறைப்படி பொருத்தாத தரைக்கு எதுவுமே இல்லை. அதனால் குழாய் இடைவெளி, முனை இடைவெளி, கிளிப்பின் உலோகம் ஆகிய மூன்றையும் பொருத்துநரின் விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலகைகளை மூடுமுன் சட்டத்தைப் படம் எடுத்து வைப்பதும் உதவும். மேலும், அளவுக்கு வேண்டியதோடு நிறுத்தாமல், அதே சரக்கிலிருந்து இரண்டு பலகையும் ஒரு கைப்பிடி கிளிப்பும் கூடுதலாக வாங்கி வையுங்கள். அடுத்த முறை வரும் சரக்கின் நிறம் இதே போல இருக்காது, இந்தக் கிளிப்புகளும் கிருஷ்ணகிரிக் கடைகளில் சில்லறையாகக் கிடைப்பதில்லை.