டிலனின் மூன்று பெட்டிகள்: முதலில் எதை வாங்கலாம்?

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் வெளிவராத பதிவுகளைத் தேடிக் கிளம்பினால் மூன்று பெட்டிகள் குறுக்கே வந்து நிற்கும். 2014-இல் வந்த 'தி பேஸ்மென்ட் டேப்ஸ் கம்ப்ளீட்', 2015-இல் வந்த 'தி கட்டிங் எட்ஜ்', 2018-இல் வந்த 'மோர் பிளட், மோர் ட்ராக்ஸ்'. மூன்றுக்கும் ஆறு சிடி பதிப்பு உண்டு. மூன்றும் 'பூட்லெக் சீரிஸ்' என்ற ஒரே வரிசையில் வந்தவை. உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. பார்சல் கூலி, சுங்க வரி எல்லாம் கட்டிக் காரைக்குடிக்கு வரவழைப்பவர், பெட்டியின் பருமனைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

வெளிவராத பாட்டு வேறு, வெளிவந்த பாட்டின் மாற்று டேக், அதாவது அதே பாட்டை ஸ்டுடியோவில் இன்னொரு முறை பாடிப் பதிந்தது, வேறு. பேஸ்மென்ட் பெட்டி முதல் ரகம். மற்ற இரண்டும் பெரும்பாலும் இரண்டாம் ரகம். எது வேண்டும் என்று தெளிவில்லாமல் வாங்குபவர்தான் இரண்டாவது சிடியிலேயே சலித்துப்போகிறார்.

'கட்டிங் எட்ஜ்' 1965, 66 ஸ்டுடியோ பதிவுகள். இதன் உயிர் மூன்றாவது சிடி. அது முழுக்க 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' என்ற ஒரே பாட்டு. 1965 ஜூன் 15 அன்று நியூயார்க் கொலம்பியா ஸ்டுடியோவில் அந்தப் பாட்டு மூன்று மூன்றாக எண்ணும் வால்ட்ஸ் தாளத்தில், நம் கணக்கில் திஸ்ரத்தில், தள்ளாடிக்கொண்டு போகிறது. மறுநாள் நாலு எண்ணிக்கைக்கு வந்துவிடுகிறது. அன்றைய நான்காவது டேக்தான் உலகம் கேட்டது. வேடிக்கை என்னவென்றால், அது அமைந்துவிட்டது என்று தெரியாமல் அதற்கு மேலும் வாசித்துத் தள்ளுகிறார்கள்; ஒன்றும் அதன் பக்கத்தில் வரவில்லை. ஆர்கன் வாசித்த ஆல் கூப்பர் அன்று வேடிக்கை பார்க்க வந்த கிதார்க்காரர். சிடியின் கடைசியில் மாஸ்டர் டேப்பின் நான்கு தடங்களையும் தனித்தனியே கொடுத்திருக்கிறார்கள். டிரம்ஸும் ஆர்கனும் இருக்கும் தடத்தை மட்டும் போட்டுக் கேளுங்கள்: கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறிய பிறகுதான் ஆர்கன் ஒரு கணம் தயங்கி உள்ளே வருவது துல்லியமாகத் தெரியும். பாட்டுக்கு அந்த இழுவையைக் கொடுத்ததே அந்தத் தயக்கம்தான்.

இதிலேயே 18 சிடி பதிப்பு ஒன்றும் வந்தது. 5,000 பிரதிகள், 379 டிராக்குகள், 600 டாலர். அதில் பாதியிலேயே நின்றுபோகும் டேக்குகள் ஏராளம். ஆராய்ச்சி செய்பவருக்குப் பொக்கிஷம். மற்றவருக்கு அலமாரி அடைசல். இரண்டு சிடி சுருக்கத்தையோ நேர் எதிராகச் சொல்ல வேண்டும். அழகான டேக்குகளாகப் பொறுக்கி எடுத்ததில், ஒரு பாட்டு படிப்படியாக மாறுவது காணாமல் போய்விடுகிறது. வாங்கினால் ஆறு சிடி.

'மோர் பிளட்' விஷயத்தில் கணக்கு தலைகீழ். இங்கே ஒற்றை சிடியே போதும். 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் பதிந்த 'பிளட் ஆன் தி ட்ராக்ஸ்' ஆல்பத்தில் ஐந்து பாட்டுகளை டிசம்பரில் மினியாபொலிஸில் புதிதாகப் பதிந்து மாற்றினார் டிலன். மாற்றுவதற்கு முந்தைய மனநிலை, பெரும்பாலும் கிதாரும் குரலுமாக, அந்த ஒரே சிடியில் இருக்கிறது. கோட்டுப் பித்தான் கிதாரில் உரசும் சத்தம்கூடக் கேட்கும். அது தட்டின் பழுது அல்ல. ஆறு சிடி பெட்டியில் அதே பாட்டுகள் அதே கிதாருடன் திரும்பத் திரும்ப வரும். மினியாபொலிஸ் பக்கத்து மாற்று டேக்குகள் எந்தப் பதிப்பிலும் இல்லை.

வாங்கியவர் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஆல்பத்துக்குப் பக்கத்தில் இதைப் போட்டால் சுருதி இறங்கி, வேகமும் குறைந்து கேட்கும். பிளேயரைச் சந்தேகிக்க வேண்டாம். 1974-இல் டிலன் கேட்டுக்கொண்டபடி பல டேப்புகளை 2 முதல் 3 சதவீதம் வேகம் கூட்டி ஆல்பத்தில் சேர்த்தார்கள். பெட்டியில் இருப்பது வாசித்த வேகம். 3 சதவீதம் என்றால் ஏறக்குறைய கால் ஸ்வரம் நகர்ந்துவிடும், அதாவது அரை ஸ்வரத்தில் பாதி. 3 சதவீதம் கூட்டிய பாட்டைச் சரிசமமாக ஒப்பிட, ஆல்பத்தின் கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்து, சுருதியும் வேகமும் சேர்ந்து மாறும் கட்டளையில் 2.9 சதவீதம் குறையுங்கள். 3 குறைத்தால் கொஞ்சம் அதிகமாக இறங்கிவிடும்.

பேஸ்மென்ட் பெட்டி 1967-இல் வீட்டு நிலவறையில், டிலனுடன் வாசித்த 'தி பேண்ட்' குழுவின் கார்த் ஹட்சன் டேப்பில் பிடித்தது. 138 டிராக்குகள். 1975-இல் வந்த இரட்டை எல்பியில் 24 பாட்டுகள்தான். அதிலும் எட்டில் டிலன் கிடையாது, சிலவற்றில் பின்னால் வாத்தியம் சேர்த்திருந்தார்கள். அசல் நிலவறைச் சத்தம் வேண்டும் என்றால் 2014 பெட்டியோ, அதன் 38 டிராக் சுருக்கமான 'ரா' பதிப்போ. முழுப் பெட்டியின் ஆறாவது சிடியைக் கடைசியில் கேளுங்கள். ஒலித்தரம் குறைந்தவற்றைத் தொகுப்பாளர்களே அதில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் அனுமதியில்லாமல் அச்சிட்டு விற்ற பழைய பூட்லெக் எல்பிகள்? 1969-இல் வந்த 'கிரேட் ஒயிட் ஒண்டர்'தான் ராக் உலகில் பேர் வாங்கிய முதல் கள்ளத்தட்டு. ஞாபகப்பொருளாக வைத்துக்கொள்ளலாம், கேட்க அல்ல. டேப்பிலிருந்து டேப்புக்கு நகல் எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும், மேல்சுரம் மங்கும், வேகமும் தடுமாறும். இணையத்தில் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக்கோப்பு) என்று வரும் கோப்பையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டினாற்போல் வெறுமையாக இருந்தால், அது பெரும்பாலும் எம்பி3-ஐ ஃபிளாக் ஆக்கியது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இவை கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஏவி.மெய்யப்பன் தட்டு வியாபாரத்தில் கால் ஊன்றிய ஊர் இது. அங்கே கண்ணில் படுவது 78 சுற்றுத் தட்டுகள். அவற்றுக்கு மூன்று மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும். எல்பி ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரையும். எல்பியைக் கிராமபோனில் வைத்தாலோ தட்டே போய்விடும்.

கேட்கும் இடமும் கணக்கில் உண்டு. செட்டிநாட்டு வீட்டின் வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஸ்பீக்கர் வைத்தால் ஆத்தங்குடிக் கல்லும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்து எதிரொலி கிளப்பும். பித்தான் சத்தம், ஆர்கன் தயக்கம் எல்லாம் அதில் கரைந்துபோகும். மெத்தை, துணி அலமாரி இருக்கும் உள்ளறையோ, வயர் வைத்த சாதாரண ஹெட்ஃபோனோ போதும். இரண்டு டேக்குகளின் சத்த அளவை முதலில் சமமாக்குங்கள்; சத்தம் கூடியதுதான் நல்ல டேக் என்று காது சாதித்துவிடும்.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 'கட்டிங் எட்ஜ்' ஆறு சிடி. கையில் காசு குறைவென்றால் 'மோர் பிளட்' ஒற்றை சிடி. பேஸ்மென்ட் பெட்டிக்கு முன்னால் 'ரா'வைக் கேட்டுவிடுங்கள். அது பிடிக்காதவருக்கு மீதி நூறு டிராக்கும் பிடிக்காது. ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர் அட்டைப்படத்தை நம்பாமல் டிராக் எண்ணிக்கையைப் பாருங்கள்: 'மோர் பிளட்' 11 என்றால் ஒற்றை சிடி, பேஸ்மென்ட் 38 என்றால் 'ரா'.