மாலத்தீவு 'பட்ஜெட் பேக்கேஜ்': முன்பணம் அனுப்பும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்

விளம்பரப் படத்தில் கடல் நடுவே தூண்கள் மேல் நிற்கும் மர வீடு இருக்கும். கீழே '3 இரவு, 4 பகல், எல்லாம் உட்பட' என்று ஆசை காட்டும் ஒரு தொகை. பணத்தைக் கட்டி நேரில் போய் இறங்கினால் கிடைப்பது இரண்டாவது மாடியில் தெருவைப் பார்த்த ஓர் அறை. கேட்டால் "படம் மாதிரிக்குத்தான் சார், கீழே சின்ன எழுத்துல போட்டிருக்கோமே" என்பார்கள். அதோடு முடிவதில்லை. அறையைக் காலி செய்யும் அன்று வரி, படகு, சாப்பாடு என்று ஒரு பில் நீட்டப்படும். கையில் எண்ணி எடுத்துப் போன டாலரெல்லாம் அங்கேயே காலி.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மாலத்தீவில் பயணிகள் தங்கும் தீவுகள் இரண்டு வகை. ஒன்று, தீவு முழுக்க ஒரே ரிசார்ட். படத்தில் பார்க்கும் கடல் வீடுகள் பொதுவாக அங்கேதான் இருக்கும். மற்றது, உள்ளூர் மக்கள் வாழும் தீவு. மாஃபுஷி, துலுஸ்தூ, உகுல்ஹாஸ், திகுரா போன்ற இவற்றில் விருந்தினர் இல்லங்கள் உண்டு. சிறு பட்ஜெட்காரர்களுக்கு இரண்டாவது வகைதான் சரி. அதில் குறை ஒன்றும் இல்லை, கடல் அதே கடல்தான். இரண்டாவதைக் கொடுத்துவிட்டு முதலாவதன் படத்தைக் காட்டுவதுதான் மோசடி. அதனால் ஏஜென்டிடம் முதல் கேள்வியாகத் தீவின் பெயரையும் விடுதியின் பெயரையும் கேளுங்கள். "தலைநகர் மாலே பக்கத்துல நல்ல இடம்", "3 ஸ்டார் அல்லது அதற்கு இணையானது" என்று மழுப்பினால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

இனி பில்லுக்கு வருவோம். விலைக்குப் பின்னால் '++' என்று இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்பதற்கான குறி அது. அறை வாடகை இரவுக்கு 60 டாலர் ++ என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்தால் 66. அந்த 66 மீது சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம் (2025 ஜூலை முதல் இந்த விகிதம்) சேர்ந்தால் 77.22. இதற்கு மேல் பசுமை வரி. 2025 ஜனவரி முதல், மக்கள் வாழும் தீவில் 50 அறை வரை உள்ள விருந்தினர் இல்லம் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டாலர். ரிசார்ட் என்றால் 12. இரண்டு பேருக்கு 12 டாலர் கூட்டினால் ஓர் இரவுக்கு 89.22 டாலர். நான்கு இரவுக்கு 240 என்று நினைத்துப் போனவர் ஏறக்குறைய 357 கட்டுவார். பாதிக்குப் பாதி கூடுதல், அதுவும் முழுக்கச் சட்டப்படி! சட்டப்படியான வரியை மறைத்து விலை சொல்கிறவர்தான் இங்கே ஆபத்தானவர். "வரி, சேவைக் கட்டணம், பசுமை வரி எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு மொத்தம் எவ்வளவு டாலர்?" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். போனில் சொன்னது கணக்கில் சேராது.

இருந்தாலும் அதிகம் கையைக் கடிப்பது அறையை விடத் தீவுக்குப் போய்வரும் செலவுதான். 'மலிவு ரிசார்ட்' என்று அறையைப் பாதி விலைக்குத் தருவார்கள். அங்கே போகக் கடல் விமானம்தான் வழி என்பதையும், போக வர ஆளுக்கு 400 டாலரைத் தாண்டும் என்பதையும் சொல்ல மாட்டார்கள். தனித் தீவு என்பதால் வேறு படகு பிடித்துப் போகவும் முடியாது. கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலை 4 மணி வாக்கில் மாலேயில் இறங்கினால் அன்றைய விமானம் கிடைப்பது கஷ்டம். அந்த இரவை நகரத்தில்தான் கழிக்க வேண்டும், வாடகை உங்கள் தலையில்.

உள்ளூர் தீவுகளுக்கு அரசுப் படகு சில டாலரில் போய்விடும். மாலேயிலிருந்து மாஃபுஷிக்குச் சாதாரணப் படகில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், ஸ்பீட்போட்டில் அரை மணி முதல் முக்கால் மணி. வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலான வழித்தடங்களில் அரசுப் படகு ஓடாது. வியாழன் இரவு இறங்கும்படி டிக்கெட் போட்டுவிட்டு, "நாளைக்குப் படகு இல்லை, தனி ஸ்பீட்போட்தான்" என்று பெரிய தொகை கேட்பது பழைய வித்தை. 'டிரான்ஸ்ஃபர் உட்பட' என்றால் போக மட்டுமா, வரவுமா? பகிர்வுப் படகா, தனிப் படகா? எத்தனை மணிக்கு? இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகே விமான டிக்கெட் எடுங்கள்.

ஹுல்ஹுமாலேவைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமான நிலையத்தோடு சாலையால் இணைந்த, அடுக்குமாடிகள் நிறைந்த நகரம் அது. நள்ளிரவு விமானத்துக்கு ஓர் இரவு தங்க நல்ல இடம். ஆனால் மூன்று இரவில் இரண்டை அங்கே வைத்துவிட்டு 'பீச் ஹோட்டல்' என்று விற்றால், நீங்கள் தீவைப் பார்க்கப்போவது ஒரே ஒரு பகல்தான்.

மாலத்தீவு போக, வர ஐமுகா (IMUGA) என்ற பயண அறிவிப்புப் படிவத்தை நிரப்ப வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் நிரப்பலாம். அது இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பவை பல நேரம் பணம் பிடுங்கும் போலித் தளங்கள். தளத்தின் முகவரி gov.mv என்று முடிகிறதா என்று பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவும் வந்திறங்கியதும் இலவசமாகவே தருகிறார்கள். 'விசா சார்ஜ்' என்று யாராவது பில் போட்டால் அது அப்பட்டமான பொய்.

குடிவரவு அதிகாரி உறுதியான தங்குமிட முன்பதிவைக் கேட்கலாம். ஏஜென்ட் உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு விடுதிக்குக் கட்டாமல் விட்டிருந்தால், அந்த கவுன்டரிலோ விடுதி வாசலிலோதான் தெரியவரும். அதனால் முன்பணம் கட்டிய இரண்டு நாளில், விடுதிக்கு நீங்களே நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் பெயர், தேதி, எத்தனை பேர், பணம் வந்துசேர்ந்ததா, எந்தெந்த வேளைச் சாப்பாடு உண்டு என்று கேளுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் இதை விடவே கூடாது. நம் மாசிக் கருவாடு வந்த ஊர் அது. காலை உணவிலேயே தேங்காய்த் துருவலோடு சூரை மீன் கலந்திருக்கும். 'மூன்று வேளையும் உண்டு' என்ற பேக்கேஜில் உங்களுக்கு மிஞ்சுவது ரொட்டியும் பழமுமாக இருக்கலாம்.

கடல் சுற்றுலாக்களை ஏஜென்ட் மூலம் முன்கூட்டி வாங்காதீர்கள். தீவில் நாலு கடை ஏறி இறங்கினால் விலை தெரியும். திமிங்கலச் சுறாவைக் 'கட்டாயம் காட்டுவோம்' என்கிறவரை நம்ப வேண்டாம், அது காட்டு உயிர். குறைந்தபட்ச ஆள் சேராவிட்டாலோ, மே முதல் அக்டோபர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளித்தாலோ பயணம் ரத்தாகும். பணம் திரும்ப வருமா என்பதை முன்பே கேளுங்கள். தண்ணீருக்கடியில் எடுக்கும் படங்களுக்குத் தனிக் காசா என்றும் கேளுங்கள்.

அங்கே கார்டு தேய்க்கும்போது இயந்திரம் 'ரூபாயில் கட்டவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, பில் போட்ட டாலரிலேயே கட்டுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தில் அடி விழும்.

இந்திய ஏஜென்ட் வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் (விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) பிடித்தால், அது வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணுக்கான வரிப் பிடித்த விவரத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் வரி என்ற பெயரில் வாங்கிய பணத்தை அவர் அரசுக்குக் கட்டாமல் விட்டிருக்கலாம். ஏறியிருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டால் ஆறப்போடாதீர்கள். ஏஜென்ட் போன் எடுக்கவில்லை, முன்பதிவும் இல்லை என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தக் கணக்கிலுள்ள பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கோருவது) கேளுங்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்ற புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு, விடுதியின் பில், உங்களுக்குக் கிடைத்த அறையின் புகைப்படம் நான்கையும் அழிக்காமல் வைத்திருங்கள். அறைப் படத்தை உள்ளே நுழைந்த உடனே, பையைக் கீழே வைப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள்.